இரண்டாயிரத்து நானூறு மீல்

"எத்தனை மீல் ஓடியிருக்கு?"

கடை வாசல் அறிவித்தல் பலகையில் விளம்பரம் ஒட்டிய அன்று பின்னேரமே வந்த முதல் அழைப்பில் முதல் கேள்வி இதுதான். விளம்பரத்தில் ஆண்டும் விலையும் எழுதியிருந்தேன். ஓடிய தூரத்தை எழுதவில்லை. "இரண்டாயிரத்து நூற்று நாற்பது" என்றேன். மறுமுனையில் ஒரு சிறு அமைதி. "அது கூட" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

நோர்வேயில் ஒரு மீல் என்றால் பத்துக் கிலோமீற்றர். எங்கள் காதில் மைல் என்றுதான் விழும். மைல் வேறு, மீல் வேறு. ஆக, நான் அவருக்குச் சொன்னது இருபத்தோராயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். மீற்றர் காட்டியதும் அதுதான்: 21,412. ஆனால் வண்டி உண்மையில் ஓடிய தூரம் அதுவல்ல. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் மீற்றரில் நின்ற எண்ணை வாசித்துவிட்டேன். அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அது 2008 ஏப்ரல். வடநோர்வேயில், பாரன்ட்ஸ் கடலோரம் இருக்கும் போட்ஸ்ஃபியூர் என்ற மீன்பிடி ஊரில் இருபத்தொரு குளிர்காலம் இருந்துவிட்டு, ஜூனில் ஒஸ்லோவுக்குக் குடிபெயர இருந்தோம். மூத்தவளின் படிப்பு ஒரு காரணம். எங்களோடு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே தெற்கே போய்விட்டது இன்னொரு காரணம். கதிரை, மேசை, மீன் நிறைத்து வைக்கும் பெரிய குளிர்பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரு மாலைக்குள் விலை சொல்லிவிட்டேன். ஸ்கூட்டருக்கு மட்டும் மூன்று கிழமை எடுத்தது.

ஸ்கூட்டர் என்றால் ஊரில் வெஸ்பாதான் நினைவுக்கு வரும். இங்கே அந்தப் பெயர் பனியில் ஓடும் வண்டிக்கு. முன்னால் இரண்டு ஸ்கீ, அடியில் அரை மீற்றர் அகலத்தில் சுழலும் ரப்பர்ப் பட்டை, நடுவில் எஞ்சின், அதன்மேல் ஒரு நீள இருக்கை. என்னுடையது 1994ஆம் ஆண்டு யமஹா வைகிங். இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், 535 சிசி. தண்ணீர் இல்லை, விசிறிக் காற்றால் குளிரும் எஞ்சின். பின்னோக்கிப் போகும் கியரும், பாரம் இழுக்கத் தாழ்ந்த கியரும் உண்டு. வேகத்துக்குச் செய்த வண்டி அல்ல, வேலைக்குச் செய்தது. விறகு, பெற்றோல், கொழுத்த மீன், சில நேரம் கால் முறிந்த மனிதன் எல்லாவற்றையும் சறுக்குவண்டியில் வைத்து இழுக்கும்.

1987இல் நான் வந்தது மீன் தொழிற்சாலைக்கு. பன்னிரண்டு குளிர்காலம் வீடு, தொழிற்சாலை, வீடு என்றே கழிந்தது. நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி பிற்பாதியில்தான் திரும்பி வரும். ஊருக்குப் பின்னால் எழும் மேட்டுநிலத்தை ஜன்னலால் பார்த்திருக்கிறேனே ஒழிய, அங்கே மனிதர் போய் என்ன செய்கிறார்கள் என்று யோசித்ததில்லை. கூட வேலை செய்த ஒருவர் ஒருநாள் தன் ஸ்கூட்டரின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு போய் ஓர் ஏரியில் இறக்கினார். மூன்றடிப் பனிக்கட்டியில் துளை போட்டு, முட்டியில் உட்கார்ந்து, தூண்டிலை மேலும் கீழும் அசைத்து, ரோயே என்ற செவ்வயிற்று மீனை இழுத்துப் போட்டபோது எனக்குள் ஏதோ திறந்தது. சுற்றிவர ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. வெளிச்சம் மட்டும். எனக்கும் ஒரு வண்டி வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

1999 பெப்ரவரியில் அந்த வைகிங்கை வாங்கினேன். விற்றவர் தானா ஆற்றுப் பக்கத்துச் சாமி இனத்தவர், துருவமான் மேய்ப்பவர். மலைப்பாதையால் நூறு கிலோமீற்றருக்கு மேல் போய் அவர் முற்றத்தில் இறங்கியபோது வண்டி பனிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. மீற்றரில் 13,600. ஐந்தே குளிர்காலத்தில் இவ்வளவா என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இது மானுக்குப் பின்னால் நடந்த தூரம். ஓடிய தூரம் இல்லை."

அந்த வார்த்தைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது விற்க வேண்டி வந்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. மந்தைக்குப் பின்னால் மணிக்கு இருபது கிலோமீற்றரில் போகும் வண்டிக்கு ஒரு தேய்மானம். உறைந்த ஏரியில் கட்டை விரலை அழுத்திப் பிடித்து முழு வேகத்தில் பறக்கும் வண்டிக்கு இன்னொரு தேய்மானம். மேய்ப்பவரின் வண்டியில் எஞ்சின் உட்புறம் நல்லாக இருக்கும். ஆனால் கல்லிலும் பற்றையிலும் ஏறி இறங்கியதால் ஸ்கீயைத் தாங்கும் இரும்பும், பட்டைக்குள் உருளும் சில்லுகளின் பேரிங்கும், பாரம் இழுக்கும் கொழுவியும் அடிபட்டிருக்கும். இளம்பெடியன் ஓட்டிய வண்டி துடைத்துவிட்டதுபோல் இருக்கும், பிஸ்டன் கீறல் விழுந்திருக்கும். இரண்டுக்கும் மீற்றர் ஒரே எண்ணைக் காட்டலாம்.

மேய்ப்பவர் எதையும் மறைக்கவில்லை. பின் அச்சைத் தான் ஒட்டியதாகச் சொல்லி ஒட்டு விழுந்த இடத்தைத் தடவிக் காட்டினார். பிறகு, விலை சொல்வதற்கு முன்னால், என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நீ இதை எங்கே ஓட்டப் போகிறாய்?" நோர்வேஜிய மொழியில் எல்லாருக்கும் எல்லாரும் நீதான். மேட்டுநிலத்து ஏரிகளுக்கு, மீன் பிடிக்க என்றேன். "தனியாகவா?" சில நேரம் தனியாக என்றேன். அவர் கொட்டிலுக்குள் போய் ஒரு பழைய டிரைவ் பெல்ட், இரண்டு பிளக், ஒரு சுருள் கயிறு மூன்றையும் கொண்டுவந்து இருக்கையின் கீழ் வைத்தார். "இருபத்தைந்தாயிரம். இவையும் அதற்குள்தான்." நான் பேரம் பேசவில்லை.

இந்த வண்டிகள் அந்த மக்களிடம் வந்த கதையைப் பிறகு வாசித்தேன். எல்லைக்கு அப்பால் பின்லாந்தின் செவெத்தியார்வியில் இருக்கும் ஸ்கோல்ட் சாமிகளைப் பற்றி பெர்ட்டி பெல்ட்டோ என்ற மானிடவியலாளர் 1973இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். 1960களின் தொடக்கத்தில் முதல் வண்டி வந்தது. பத்து ஆண்டுக்குள் சறுக்குவண்டி இழுக்கப் பழக்கிய மான்கள் அநேகமாக இல்லாமல் போயின. வண்டி வாங்கவும் பெற்றோலுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் காசு தேவைப்பட்டது. அது இருந்தவர் மேய்த்தார், இல்லாதவர் மேய்ப்பையே விட்டார். பழைய வண்டிக்கு என்ன விலை என்பது அந்த முற்றங்களில் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. அதனால்தான் எனக்கு விற்ற மேய்ப்பவர் அப்படி விலை சொன்னார் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரு கொப்பி வைக்கும் பழக்கம். ஊரில், சுன்னாகம் சந்தைக்கு அருகில் சைக்கிள் கடை வைத்திருந்த மாமாவிடமிருந்து வந்தது. பழைய ராலி ஒன்றை யாராவது விற்க உருட்டிக்கொண்டு வந்தால் மாமா பெயின்ரையும் சீற்றையும் பார்க்க மாட்டார். குந்தியிருந்து சங்கிலிச் சில்லின் பற்களைப் பெருவிரலால் தடவுவார். பல் கூராகியிருந்தால் சங்கிலி நீண்டுவிட்டது. பெடல் அச்சில் ஆட்டம் இருந்தால் உள்ளே குண்டுகள் தேய்ந்துவிட்டன. பிறகு பென்சிலை எடுத்து, இதை ஓடுகிற சைக்கிள் ஆக்கத் தனக்கு என்ன செலவாகும் என்று எழுதிக் கூட்டுவார். கொடுக்கும் விலை அந்தக் கூட்டுத்தொகையிலிருந்துதான் பிறக்கும். நானும் வைகிங்குக்கு ஒரு நீலக் கொப்பி போட்டேன். எந்த நாள், எத்தனை லீற்றர் பெற்றோல், என்ன மாற்றினேன், பிளக்கின் நிறம் என்ன. எல்லாம் தமிழில்.

அந்தக் கொப்பியில் 2003 மார்ச் மாதத்துப் பக்கம் ஒன்று எண்ணெய்க் கறையோடு இருந்தது. நண்பர்களோடு வண்டிகளை ட்ரெய்லரில் ஏற்றி உள்நாட்டுக்கு, காராஷோக் பக்கம் மீன் பிடிக்கப் போனோம். நோர்வேயில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அந்த ஊரில்தான்: 1886 ஜனவரி 1இல் மைனஸ் 51.4 பாகை. நாங்கள் போன அன்று மைனஸ் 34. கடலோரத்தில் மைனஸ் பத்து, பன்னிரண்டிலேயே ஓடிப் பழகிய வண்டி. காபரேற்றருக்குள் பெற்றோலை அளந்து விடும் சிறு பித்தளை ஜெட்டும் அந்தக் குளிருக்கே ஏற்றது. கடுங்குளிரில் காற்று அடர்த்தியாகிறது. அதே துளையால் அதே பெற்றோல் போகிறது, காற்று மட்டும் கூடிவிடுகிறது. கலவை வறண்டு அதிகச் சூட்டில் எரியும். பிஸ்டன் வீங்கிச் சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்ளும். இதையெல்லாம் அன்றைக்குப் பிறகுதான் படித்தேன். அன்றைக்குத் தெரிந்தது, வலது பக்கத்தில் ஒரு கீச்சிடல், பிறகு அமைதி. அந்தக் குளிரில் எஞ்சின் நின்ற பிறகு வரும் அமைதியை நான் மறக்க மாட்டேன்.

டிரைவ் பெல்ட்டைக் கழற்றினால்தான் நின்ற வண்டியை இழுக்கலாம். இல்லாவிட்டால் பட்டை எஞ்சினோடு சேர்ந்து இறுகும். மேய்ப்பவர் தந்த கயிற்றால் கட்டி நண்பர் பதினெட்டுக் கிலோமீற்றர் இழுத்தார். வலது பிஸ்டனையும் வளையங்களையும் மாற்றி, சிலிண்டர் சுவரைத் தேய்த்து எடுத்தேன். கொப்பியின் அந்தப் பக்கத்து ஓரத்தில் எனக்கே ஒரு கட்டளை எழுதி வைத்தேன்.

மற்றது, வேகமானியின் கம்பி. 2004 டிசம்பரில் அது அறுந்தது. ஊசி படுத்துவிட்டது, எண் நின்றுவிட்டது. வண்டி ஓடியது. அடுத்த குளிர்காலம் முடியும் மட்டும் நான் அதை மாற்றவில்லை. மீன் பிடிக்கப் போகிறவனுக்கு வேகம் எதற்கு என்றிருந்தேன். ஒருநாள் இதை விற்க வேண்டி வரும் என்று யோசித்தவன் அதைச் செய்திருக்க மாட்டான்.

இனி விலைக்கு வருகிறேன். பத்திரிகையின் பாவித்த பொருள் பக்கங்களிலிருந்து வைகிங் விளம்பரங்கள் ஆறை வெட்டி எடுத்தேன். அவற்றில் இருந்தது கேட்கும் விலை. அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். ஆறு பேரையும் அழைத்து, விற்றுவிட்டதா, கையில் என்ன வந்தது என்று கேட்டேன். நான்கு பேர் உண்மையாகப் பதில் சொன்னார்கள் என்று நம்புகிறேன். பத்தாயிரம் கிலோமீற்றருக்குக் கீழே ஓடிய, என்னுடையதை ஒத்த வண்டிகள் 26,000 குரோனர் அளவில் கைமாறியிருந்தன. கேட்டதைவிட மூவாயிரம், நாலாயிரம் குறைவு.

பிறகு கொட்டிலுக்குள் போய் மாமாவைப்போலக் குந்தியிருந்தேன். எஞ்சினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அமுக்கமானியைப் பொருத்தி, த்ரொட்டிலை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி கயிற்றை இழுத்தேன். இடது 8 பார். வலது 7. இரண்டுக்கும் நடுவே பத்து வீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் உள்ளே பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. இன்னும் ஓடும், ஒரு குளிர்காலமோ இரண்டோ. ஆனால் வாங்குபவர் அந்தச் செலவைத் தன் தலையில் வைத்துக்கொண்டுதான் வாங்குகிறார். இரு பக்கத்துப் பிஸ்டன், வளையங்கள், கஸ்கெட் சேர்த்து, கைவேலை தன்னுடையதென்றால் 4,000. வண்டியின் பின்பக்கத்தை ஒரு கட்டையில் தூக்கி வைத்துப் பட்டையைக் கையால் சுற்றினேன். ரப்பர்ப் பற்களில் ஏழு அறுந்திருந்தன. விளிம்பு கிழியவில்லை, அது முக்கியம், விளிம்பு கிழிந்தால் பட்டைக்கு ஆயுள் இல்லை. அதற்கு 2,000. இடது ஸ்கீயின் அதிர்வுதாங்கி எண்ணெய் கசிந்தது, 1,000. இருக்கைக் கிழிசலும் முன்மூடி வெடிப்பும் 500. சங்கிலிப் பெட்டியின் எண்ணெயை வடித்தபோது காந்தத்தில் மெல்லிய சேறு மட்டுமே ஒட்டியிருந்தது, இரும்புத் துண்டு இல்லை. மனம் நிறைந்தது.

நான் புதிதாகப் போட்டவை வேறு. பட்டை வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் தண்டவாளம், ஸ்கீயின் அடிக்கம்பி, பற்றரி. இவற்றை விலையில் கூட்ட ஆசை வரும். கூட்டக்கூடாது. தேய்ந்து கிடந்தால் கழிப்பார்கள். புதிதாக இருந்தால் அது இருக்க வேண்டியபடி இருக்கிறது, அவ்வளவுதான். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்துவிட்டு விற்போமா என்றும் யோசித்தேன். நாலாயிரம் செலவழித்தால் விலை இரண்டாயிரம்தான் ஏறும். என் கைவேலையை முன்பின் அறியாதவர் நம்ப வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் முடியாது.

கழித்துப் பார்த்தால் 18,500. பருவமும் கைவிட்டிருந்தது. அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 23க்கே வந்து போய்விட்டது. ஸ்கூட்டருக்கு ஆள் தேடி வருவது முதல் பனி விழும்போதும், வெளிச்சம் திரும்பி ஈஸ்டர் விடுமுறை வரும்போதும்தான். மே தொடக்கத்தில் மான்கள் கன்று ஈனும் காலம் என்று பாதைகளை மூடிவிடுவார்கள். அதன் பிறகு வண்டி கொட்டிலில் இடம் பிடிக்கும் பாரம். பருவத்துக்கு 1,500 கழித்து 17,000 என்று எழுதி ஒட்டினேன். அதற்குத்தான் அந்த முதல் அழைப்பு வந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்த அண்ணை ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். எங்களுக்கு முன்னால் வந்து, எங்கள் எல்லாருக்கும் வேலையும் வீடும் எடுத்துத் தந்தவர். அவர் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை.

"மீற்றர் என்ன காட்டுது?"

"இருபத்தோராயிரம், அண்ணை."

"அப்ப அதுதான். அது காட்டுறதை அது காட்டட்டும். நீர் ஏன் வாய் திறக்கிறீர்? மீற்றரில ஏறாத தூரத்தால அந்த எஞ்சினுக்கு என்ன வந்தது?"

எஞ்சினுக்கு ஒன்றும் வரவில்லைதான். நான் பேசாமல் இருந்தேன். தேநீர் கொண்டுவந்த மனைவி நின்று கேட்டுவிட்டு, அண்ணைக்கு மறுமொழியாக இல்லாமல் என்னிடம் சொன்னாள்: "வாங்கிறவன் அடுத்த பெல்ட்டை எப்ப மாத்திறதெண்டு அந்த நம்பரைப் பாத்துத்தானே எண்ணுவான்? காராஷோக்கில நிண்ட மாதிரி அவனும் எங்கயாவது நிக்கிறதே?"

அண்ணை தேநீரைக் குடித்து முடித்தார். "பதினைஞ்சுக்குக் கீழ இறங்காதையும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு நீலக் கொப்பியை விரித்து, மீற்றர் செத்திருந்த அந்த இரண்டு குளிர்காலத்தின் பெற்றோல் வரிகளைக் கூட்டினேன். 572 லீற்றர். என் வைகிங் பாரத்தோடும் பாரம் இல்லாமலும் சராசரியாக மீலுக்கு 2.2 லீற்றர் குடிக்கும். அதை முன்னைய பக்கங்களிலிருந்தே எடுக்க முடிந்தது. 572ஐ 2.2ஆல் வகுத்தால் 260 மீல். இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீற்றர். 21,412ஓடு சேர்த்தால் இருபத்து நாலாயிரம். விடிந்ததும் கடைக்குப் போய்ப் பழைய விளம்பரத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன்: 2,400 மீல், மீற்றர் 2,141 காட்டும். வலது சிலிண்டர் அமுக்கம் குறைவு. 15,000. முதல்நாள் அழைத்தவரின் எண் தொலைபேசியில் இருந்தது. அவரையும் அழைத்துச் சரியான எண்ணைச் சொன்னேன். அவர் வாங்க வரவில்லை. நன்றி சொன்னார்.

ஒரு கிழமை யாரும் அழைக்கவில்லை. அந்தக் கிழமை எனக்குச் சுகமாக இருக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். பிறகு ஒருவர் வந்து, இருபத்து நாலாயிரம் ஓடிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பத்தாயிரமே கூட என்றார். சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்து விலை சொல்பவரோடு பேச எதுவும் இல்லை. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ஒரு கிழவரும் அவருடைய பேரனும் தானா பக்கமிருந்து ட்ரெய்லரோடு வந்தார்கள். பெடியனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அவன் நேராக மீற்றரிடம் போனான். கிழவர் மீற்றர்ப் பக்கமே போகவில்லை. கையுறையைக் கழற்றி எஞ்சினைத் தொட்டு, குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். நான் முன்கூட்டியே சூடாக்கி வைக்கவில்லை என்று தெரிந்ததும் தலையசைத்தார். தொடக்கக் கயிற்றை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தார். ஒரு தடை, விட்டுக்கொடுத்தல், இன்னொரு தடை. இரண்டாவது தடை கொஞ்சம் மெலிவு. என் அமுக்கமானி சொன்னதை அவர் விரல் சொல்லிவிட்டது. ஸ்கீயைப் பிடித்து ஆட்டினார். பட்டையின் அச்சைத் தூக்கிப் பார்த்தார். கொழுவியில் கறள் எவ்வளவு ஆழம் என்று நகத்தால் சுரண்டினார். பின் அச்சின் ஒட்டைக் கண்டதும் நின்று, "இது யார் செய்தது, நீயா?" என்றார். எனக்கு விற்றவர் என்றேன். "நல்ல கை."

பிறகு கேட்டார்: "மீற்றரில் இல்லாத 260 மீல் எங்கிருந்து வந்தது?"

கொப்பியைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் விரித்தேன். எண்கள் விளங்கின, எழுத்து விளங்கவில்லை. இது என்ன, இது என்ன என்று பெடியன் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டு வந்தேன். வலது பிளக் வெள்ளை. இடது பிளக் மண்நிறம், நல்லது. பெல்ட் ஓரம் தும்பு. அவன் ஒரு பென்சிலை வாங்கி ஒவ்வொரு தமிழ் வரிக்கும் பக்கத்தில் நோர்வேஜிய மொழியில் எழுதினான். ஒன்பது வருடம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. மனைவி மீன் பொரித்து வைத்தாள். கிழவர் உறைப்பென்று சொல்லாமல் சாப்பிட்டார். எங்கள் கையெழுத்துக்கள் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. இருபத்தொரு வருடத்தில் என் மொழியில் நான் எழுதிய எதையும் அந்த நாட்டில் ஒருவர் உட்கார்ந்து வாசித்தது அதுதான் முதல் தடவை.

"பதினைந்து" என்றார் கிழவர். கேள்வியாக அல்ல. காசை எண்ணி மேசையில் வைத்தார்.

பெடியனிடம் நான் கேட்டேன்: "எங்கே ஓட்டப் போகிறாய்?" குளிர்காலத்தில் காராஷோக்கில் வேலை, அங்கே கொண்டுபோவேன் என்றான். இருக்கையைத் தூக்கி, அடிப்பெட்டியில் பெல்ட், பிளக், கயிறு எல்லாம் இருப்பதைக் காட்டினேன். கயிறு அதே பழைய கயிறு. பெரிய அளவு ஜெட்டுகள் இருந்த சிறு தகரப்பெட்டியையும் அவன் கையில் வைத்தேன்.

அடுத்த ஜனவரியில், ஒஸ்லோவில், ஒரு ஞாயிறு மாலை அவன் அழைத்தான். வண்டி நன்றாக ஓடுகிறது, வலது பிஸ்டனை இலையுதிர் காலத்திலேயே தாத்தாவும் தானுமாக மாற்றிவிட்டோம் என்றான். கொப்பியில் ஒரு வரிக்கு மட்டும் பக்கத்தில் தன் எழுத்து இல்லை, எண்ணெய்க் கறைக்குள் இருந்ததால் அன்றைக்குத் தவறவிட்டுவிட்டோம்போல என்றான். படம் எடுத்து அனுப்பியிருந்தான். சின்னத் திரையில் கண்ணை ஒட்டிப் பிடித்து என் கையெழுத்தை நானே வாசித்தேன்.

"அங்கே இப்போது எத்தனை?" என்று கேட்டேன்.

"மைனஸ் 31."

"இரண்டு சைஸ் பெரிசு போடு என்று எழுதியிருக்கிறேன். வீட்டுக்குள் தள்ளி வைத்துச் செய், வெளியில் நின்று செய்யாதே."

"கொட்டிலுக்குள்தான் நிற்கிறேன்" என்றான். கொஞ்சம் பொறு என்று சொல்லி, தொலைபேசியை அணைக்காமலே எங்கோ வைத்தான். தகரப்பெட்டி திறபடும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்பானர் ஒன்று சீமெந்தில் விழும் சத்தம்.